விமானத்துக்குள் காற்றழுத்தம் வந்த வரலாறு

பயணிகள் ஜெட் விமானங்கள் பொதுவாக 33,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கின்றன. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும். குளிர் சுழியத்துக்குக் கீழே 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்தக் காற்றை அப்படியே சுவாசிக்க நேர்ந்தால் ஒரு நிமிடத்துக்குள் அறிவு தடுமாறிவிடும். ஆனால் ஒரு கையளவு தடிப்புகூட இல்லாத சுவருக்கு இந்தப் பக்கம் பயணிகள் காபி குடிக்கிறார்கள், தூங்குகிறார்கள். இதைச் சாத்தியமாக்கிய ஏற்பாடே அறைக்கு அழுத்தமூட்டுதல்.

மனிதனின் மூச்சைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு தோன்றியது. மூச்சுப் பிரச்சினை தீர்ந்தபோது, அந்தப் பாரம் விமானத்தின் உலோகத் தோலின்மேல் ஏறியது. அது தெரிவதற்குச் சில ஆண்டுகளும் பல உயிர்களும் ஆயின.

உயரத்தில் குறைவது எது?

"மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும்" என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதுவது வழக்கம். அது பாதிதான் சரி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் 21 சதவீதம்தான், விமானம் பறக்கும் உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது மொத்தக் காற்றின் அழுத்தம். ஏறத்தாழ 18,000 அடியில் அழுத்தம் பாதியாகிவிடுகிறது. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். தள்ளும் விசை குறைந்தால், மூச்சை எவ்வளவு இழுத்தாலும் இரத்தத்துக்குப் போதிய ஆக்சிஜன் சேராது.

அப்படியானால் முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் போதாதா? ஏறத்தாழ 40,000 அடி வரை அது உதவும். அதற்கு மேல் உதவாது. நுரையீரலுக்குள் நீராவியும் கரியமில வாயுவும் எப்போதும் தமக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியழுத்தம் மிகவும் குறைந்துவிட்டால் ஆக்சிஜனுக்கு மிஞ்சும் பங்கு மிகச் சிறிதாகிவிடும். தவிர, கைக்குழந்தை முதல் முதியவர் வரை நூறு பேரை மணிக்கணக்காக முகமூடியோடு உட்கார வைப்பது நடக்கிற காரியமா?

பலூனில் ஏறியவர்கள்

உயரத்தின் ஆபத்தை முதலில் உணர்ந்தவர்கள் பலூன்காரர்கள். 1862 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வானிலை அறிஞர் ஜேம்ஸ் கிளெய்ஷரும் பலூன் ஓட்டுநர் ஹென்றி காக்ஸ்வெல்லும் ஏறினார்கள். ஏறத்தாழ 29,000 அடியில் கிளெய்ஷர் நினைவிழந்தார். காக்ஸ்வெல்லின் கைகள் விறைத்துப்போயின. வாயுவை வெளியேற்றும் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் அவர் பலூனை இறக்கினார்.

1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் 'செனித்' என்ற பலூனில் ஏறிய மூவருக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அவர்களிடம் ஆக்சிஜன் கலந்த காற்றுப் பைகள் இருந்தன. உயர அழுத்தத்தைப் பற்றி ஆய்வு செய்துவந்த உடலியல் அறிஞர் பால் பேர், அந்த அளவு போதாது என்று கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேர்வதற்குள் பலூன் கிளம்பிவிட்டது. இருப்பது குறைவு என்பதால் கடைசி நேரத்தில் பயன்படுத்தலாம் என்று மூவரும் பைகளைத் தொடாமல் வைத்திருந்தார்கள். தேவைப்பட்டபோது கையைத் தூக்கவே முடியவில்லை. குரோசே ஸ்பினெல்லி, சிவெல் இருவரும் இறந்தார்கள். உயிர்பிழைத்த காஸ்தோன் திசாந்தியேவின் செவிப்புலன் போயிற்று. அந்த உயரத்தில் வலியோ பயமோ தோன்றவில்லை, ஒருவித மகிழ்ச்சியே இருந்தது என்று அவர் பிறகு எழுதினார். ஆக்சிஜன் குறைவின் கொடுமை இதுதான். ஆபத்து வந்திருக்கிறது என்று உணர வேண்டிய மூளையே முதலில் மயங்குகிறது.

அறையை அடைத்தால் என்ன?

1921இல் அமெரிக்க ராணுவம் ஓர் எளிய யோசனையைச் செய்துபார்த்தது. யுஎஸ்டி-9ஏ என்ற இரட்டைத்தட்டு விமானத்தில் விமானி உட்காரும் இடத்தில் எஃகுக் கூடு ஒன்றைப் பொருத்தி, அதற்குள் காற்றை அடைக்கும் கருவியையும் வைத்தார்கள். ஹரால்ட் ஹாரிஸ் என்ற விமானி அதில் ஏறினார். வெளியேற்றும் வால்வு சமாளிக்க முடியாத அளவுக்குக் கருவி காற்றைத் தள்ளியது. விமானம் மேலே ஏற, கூட்டுக்குள் அழுத்தமோ தரைமட்டத்தைவிடக் கூடியது. சூடும் தாங்கமுடியாத அளவுக்கு ஏறியது. உள்நோக்கித் திறக்கும் மூடியை உள்ளழுத்தமே இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் திறக்க முடியவில்லை. எப்படியோ தரையிறங்கித் தப்பினார். காற்றை அடைப்பது எளிது, அளவாக வெளியே விடுவதுதான் கடினம் என்பது அந்த ஒரு பறப்பிலேயே தெரிந்துவிட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1931 மே 27 அன்று, சுவிட்சர்லாந்து நாட்டு இயற்பியலாளர் ஆகுஸ்ட் பிக்கார் தம் உதவியாளர் பவுல் கிப்ஃபருடன் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கிலிருந்து பலூனில் ஏறினார். அவர்கள் இருந்தது காற்றுப்புகாத அலுமினிய உருண்டைக்குள். வழியில் அதில் கசிவு ஏற்பட்டது. வாசலினையும் நாரையும் குழைத்து அடைத்தார்கள்! 15,781 மீட்டர் உயரம்வரை சென்று ஆஸ்திரியாவின் பனியாறு ஒன்றின்மேல் உயிரோடு இறங்கினார்கள். அடைத்த அறைக்குள் மனிதன் எந்த உயரத்துக்கும் போகலாம் என்பது உறுதியாயிற்று.

1937இல் லாக்ஹீட் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக எக்ஸ்சி-35 என்ற ஆய்வு விமானத்தைக் கட்டியது. ஏற்கெனவே இருந்த எலெக்ட்ரா விமானத்துக்கு வட்டமான குறுக்குவெட்டு உடைய வலுவான உடலைக் கொடுத்தார்கள். ஜன்னல்களைச் சிறிதாக்கினார்கள். 30,000 அடியில் பறக்கும்போது உள்ளே 12,000 அடியில் இருப்பது போன்ற அழுத்தத்தை அது காத்தது. உடல் ஏன் வட்டம் என்றால், உள்ளிருந்து தள்ளும் காற்று வட்டச்சுவரை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுக்கும். பெட்டி வடிவமானால் தட்டையான பக்கங்கள் உப்பி, மூலைகளில் விசை குவியும். சமையல் எரிவாயு சிலிண்டர் சதுரமாக இல்லாததற்கும் இதே காரணம்தான்.

அடுத்து வந்தது போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர். 1938 டிசம்பர் 31 அன்று முதன்முதலில் பறந்து, 1940இல் பயணிகள் சேவைக்கு வந்தது. அழுத்தமூட்டிய அறையுடன் சேவையில் இறங்கிய முதல் பயணிகள் விமானம் இதுவே. 33 பேர் அமரலாம். 14,700 அடி உயரம்வரை உள்ளே 8,000 அடிக்குரிய அழுத்தம் இருக்கும். கடுமையான மேகக்கூட்டங்களுள் பலவற்றுக்கு மேலாகப் பறக்க முடிந்ததால் குலுக்கலும் வாந்தியும் குறைந்தன. மொத்தம் 10 விமானங்களே கட்டப்பட்டன. போர் வந்ததும் டிடபிள்யூஏ நிறுவனத்தின் ஐந்தும் ராணுவப் பணிக்குப் போயின. எடையைக் குறைக்க அவற்றிலிருந்து முதலில் கழற்றப்பட்டது எது தெரியுமா? அந்த அழுத்தமூட்டும் கருவிகள்தாம்.

இன்று இது நடக்கும் விதம்

விமானக் கதவைச் சாத்தியதும் தரைக்காற்று உள்ளே பூட்டப்பட்டுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அடியில் ஓட்டையுள்ள தொட்டிக்கு மேலே குழாயைத் திறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வருவதும் போவதும் சமமாக இருந்தால் தண்ணீர் மட்டம் மாறாமல் நிற்கும். ஓட்டையைச் சற்று அடைத்தால் மட்டம் உயரும். விமான அறையும் அப்படித்தான்.

ஜெட் எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. எரிபொருள் கலப்பதற்கு முன்பே அந்தக் காற்றில் ஒரு பகுதி குழாய் வழியே பிரித்தெடுக்கப்படுகிறது. அழுத்தப்பட்ட காற்று கொதிக்கும் சூட்டில் இருக்கும். குளிரூட்டும் கருவிகள் அதை ஆற்றி அறைக்குள் அனுப்புகின்றன. உடலின் பின்பகுதியில் வெளியேற்று வால்வு ஒன்று உண்டு. தொட்டியின் ஓட்டை அதுதான். உயரத்துக்கேற்ப அந்த வால்வைத் திறந்தும் மூடியும் உள்ளழுத்தத்தை ஒரு கருவி கட்டுப்படுத்துகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறிவிடும்.

உள்ளே இருப்பது தரைமட்ட அழுத்தமும் அல்ல. வழக்கமான பறப்பில் அறையின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குரியதைவிடக் குறையக்கூடாது என்பது விதி. உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி, தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி. ஆகவே விமானத்தில் இருப்பவர் அழுத்தக் கணக்கில் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ உட்கார்ந்திருக்கிறார். சிப்ஸ் பொட்டலம் உப்புவதும், இறங்கும்போது காது அடைப்பதும் இதனால்தான்.

தரையழுத்தத்தையே கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? 40,000 அடியில், 8,000 அடிக்குரிய அழுத்தத்துக்கே, சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ ஐந்தரை டன் விசையைத் தாங்க வேண்டும். ஒரு சிறிய ஜன்னல்மீது மட்டும் அரை டன் அளவுக்கு விசை. உள்ளழுத்தத்தைக் கூட்டினால் சுவரைத் தடிப்பாக்க வேண்டும். எடை கூடும், எரிபொருள் கூடும். அதனால் மனித உடல் எவ்வளவு பொறுக்குமோ அந்த அளவுக்கு இறங்கிவந்து செய்துகொண்ட சமரசம்தான் 8,000 அடி.

காமெட்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டைக் கட்டியது. ஜெட் எஞ்சின் தாழ்வாகப் பறந்தால் எரிபொருளை விழுங்கிவிடும், உயரத்தில்தான் அதற்குக் கட்டுப்படியாகும். ஆகவே காமெட் 40,000 அடிவரை ஏறவேண்டும். அதன் உள், வெளி அழுத்த வேறுபாடு ஸ்ட்ராட்டோலைனரில் இருந்ததைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். தோலின் தடிப்போ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

1952 மே 2 அன்று பிஓஏசி நிறுவனத்தின் காமெட் ஒன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்குக்கு முதல் ஜெட் சேவையைத் தொடங்கிவைத்தது. அதன் பதிவெழுத்துகளின் கடைசி இரண்டை வைத்து அதை 'யோக் பீட்டர்' என்று அழைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் காமெட் கொழும்புக்கும் வந்தது. சத்தமில்லை, அதிர்வில்லை, பயண நேரம் பாதி என்று உலகமே வியந்தது.

1954 ஜனவரி 10. சிங்கப்பூரிலிருந்து லண்டன் சென்றுகொண்டிருந்த யோக் பீட்டர், ரோமிலிருந்து கிளம்பி மேலேறிக்கொண்டிருந்தது. இன்னொரு விமானத்தோடு வானொலியில் பேசிக்கொண்டிருந்த விமானியின் பேச்சு ஒரு வாக்கியத்தின் நடுவில் அறுந்தது. எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்த அந்த விமானத்தில் 35 பேர் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. மீனவர்கள் மீட்ட உடல்களைப் பரிசோதித்தபோது பலரின் நுரையீரல்கள் சிதைந்திருந்தன. காற்றழுத்தம் ஒரே நொடியில் வீழ்ந்ததற்கு அது அடையாளம்.

காமெட்கள் நிறுத்தப்பட்டன. காரணம் தெரியவில்லை. சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் திருத்தங்கள் செய்து மார்ச் 23 அன்று மீண்டும் பறக்கவிட்டார்கள். பதினாறே நாளில், ஏப்ரல் 8 அன்று, ரோமிலிருந்து கெய்ரோ சென்ற இன்னொரு காமெட் நேப்பிள்சுக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். காரணம் தெரியாமலே திரும்பப் பறக்கவிட்ட அந்த முடிவைப் படிக்கும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

இம்முறை பறப்புச் சான்றிதழே திரும்பப் பெறப்பட்டது. ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வகத்தின் தலைவர் ஆர்னால்டு ஹால் விசாரணைக்குப் பொறுப்பேற்றார். ஒருபுறம் கடற்படை, நீருக்கடியில் செல்லும் தொலைக்காட்சிக் கேமராவின் துணையோடு யோக் பீட்டரின் துண்டுகளைத் தேடி எடுத்தது. மறுபுறம் ஃபார்ன்பரோவில், 'யோக் அங்கிள்' என்ற முழு காமெட் ஒன்றை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். இறக்கைகள் மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விமானத்துக்குள்ளும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். உள்ளே தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒரு பறப்பு முடிந்ததாகக் கணக்கு. காற்றை வைத்து இதைச் செய்திருந்தால் உடல் கிழியும்போது வெடிகுண்டுபோல் எல்லாம் சிதறிப்போகும், தடயம் மிஞ்சாது. தண்ணீர் சுருங்குவதில்லை. கிழிந்த கணத்திலேயே அழுத்தம் அடங்கிவிடும், கிழிசல் அப்படியே கைக்குக் கிடைக்கும்.

யோக் அங்கிள் ஏற்கெனவே வானத்தில் 1,221 முறை பறந்திருந்தது. தொட்டியில் 1,836 முறை. ஆக 3,057ஆவது தடவையை ஒட்டி, ஒரு ஜன்னல் திறப்பின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. யோக் பீட்டர் விழுந்தபோது அது 1,290 முறை அழுத்தமூட்டப்பட்டிருந்தது.

ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடிவதில்லை. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிகிறது. உலோகக் களைப்பு என்பது இதுதான். ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடல் ஒருமுறை உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது. திறப்புகளின் மூலைகளில் விசை குவிகிறது. அங்கே, உலோகம் உடையக்கூடிய வலிமையில் ஏறத்தாழ 70 சதவீதம் வரை விசை எட்டியதாக விசாரணை மதிப்பிட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று பறப்புக்குப் பறப்பு நீண்டு, ஒருநாள் ஒரேயடியாகக் கிழித்துவிடுகிறது.

டி ஹாவிலண்ட் சோதித்துப் பார்க்காமல் விட்டதா? இல்லை. சோதித்தார்கள், அந்தச் சோதனைதான் அவர்களை ஏமாற்றியது. அவர்கள் சோதித்த உடற்பகுதி ஏறத்தாழ 18,000 முறை அழுத்தத்தைத் தாங்கியது. ஆனால் அதே பகுதியை, வலிமையைக் காண்பதற்காக, முன்னதாகவே வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு அழுத்தத்துக்கு உட்படுத்தியிருந்தார்கள். அந்த மிகையழுத்தம் மூலைகளில் இருந்த உலோகத்தைச் சற்றே நெகிழவைத்து, விரிசலை எதிர்க்கும் தன்மையை அதற்குக் கொடுத்துவிட்டது. பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்கள் எதற்கும் அந்தப் 'பயிற்சி' கிடைக்கவில்லை. நேர்மையாகச் செய்த ஒரு சோதனையே தவறான நம்பிக்கையைத் தந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

காமெட் விழுந்ததற்குச் சதுர ஜன்னல்களே காரணம் என்ற கதை இணையமெங்கும் உலவுகிறது. காமெட்டின் ஜன்னல்களும் மூலை வளைந்தவையே. ஆனால் வளைவு போதவில்லை. யோக் பீட்டரில் விரிசல் தொடங்கியதாகக் கண்டறிந்த இடமோ பயணிகள் எட்டிப்பார்க்கும் ஜன்னலே அல்ல. கூரையில் திசைகாட்டும் வானொலிக் கருவிக்காக வெட்டியிருந்த திறப்பு அது. அந்தத் துண்டைக் கடலிலிருந்து எடுத்துக்கொடுத்தது ஒரு மீன்பிடிப் படகு.

மணி அல்ல, தடவை

காமெட்டுக்குப் பிறகு வந்த விமானங்களில் தோல் தடித்தது, திறப்புகளின் ஓரங்கள் வலுப்பெற்றன. விரிசல் தோன்றினாலும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் ஓடாதபடி குறுக்கே தடுப்புப் பட்டைகள் வைக்கும் முறை பரவியது. விமானத்தின் வயதைப் பறந்த மணிகளில் மட்டுமல்லாமல், அழுத்தமேறி இறங்கிய தடவைகளிலும் எண்ணும் வழக்கம் உறுதிப்பட்டது.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் நடந்தது சாட்சி. தீவுக்குத் தீவு சின்னச்சின்னப் பயணங்கள் செய்துவந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடியில் பறக்கும்போது அதன் முன்பக்கக் கூரை பிய்ந்து போயிற்று. விமானத்துக்கு வயது 19. ஆனால் அது 89,680 பறப்புகளை முடித்திருந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற 94 பேரோடு விமானிகள் மாவி தீவில் தரையிறக்கியது இன்றும் வியப்புக்குரியது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1985 ஆகஸ்ட் 12 அன்று, ஜப்பான் ஏர்லைன்சின் ஜம்போ விமானத்தில் 520 பேர் இறந்ததற்கும் வேர் இதேதான். அறையின் பின்கோடியில் அழுத்தத்தைத் தாங்கும் கிண்ணம் போன்ற தடுப்பு ஒன்று உண்டு. 1978இல் வால் தரையில் உரசியபின் அதைப் பழுதுபார்த்தவர்கள், சேர்ப்புத் தகட்டைத் தவறாகப் பொருத்தினார்கள். இரண்டு வரிசை ஆணிகள் தாங்கவேண்டிய விசையை ஒரே வரிசை தாங்கியது. ஏழு ஆண்டுகள் தாங்கிவிட்டு உடைந்தது. பாய்ந்த காற்று வாலின் பெரும்பகுதியைப் பிய்த்தது, கட்டுப்பாட்டுக் குழாய்களையும் அறுத்தது.

உலோகத்தில் எந்தக் குறையும் இல்லாமலே விபத்து நேர்ந்ததும் உண்டு. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரசிலிருந்து ஏதென்சுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவன விமானத்தில், அழுத்தமூட்டும் கருவியின் திருகு 'தானியங்கி'க்குப் பதிலாகக் 'கைமுறை'யில் இருந்தது. தரையில் பரிசோதனைக்காகத் திருப்பியதை யாரும் மாற்றவில்லை, விமானிகளும் கவனிக்கவில்லை. மேலேறும்போது எச்சரிக்கை ஒலி கேட்டது. தரையில் வேறொரு கோளாறுக்கும் அதே ஒலிதான் என்பதால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். சற்று நேரத்தில் இருவரும் மயங்கினார்கள். செனித் பலூனில் நடந்ததேதான், 130 ஆண்டுகள் கழித்து. எரிபொருள் தீரும்வரை தானாகவே வட்டமிட்ட விமானம் மலையில் விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

'உங்கள் முகமூடியை அணிந்துகொண்ட பிறகே மற்றவர்களுக்கு உதவுங்கள்' என்று பணிப்பெண் சொல்வதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. 35,000 அடியில் அழுத்தம் போய்விட்டால் சிந்தித்துச் செயல்பட 30 முதல் 60 விநாடிகள்தான் உண்டு. குழந்தைக்கு முதலில் மாட்ட முயலும் தாய் பாதியிலேயே மயங்கிவிட்டால், இருவருக்கும் கிடைக்காமல் போகும். அந்த முகமூடிகளில் ஆக்சிஜன் ஏறத்தாழ 12 நிமிடங்களுக்கு வரும். அதற்குள் விமானிகள் 10,000 அடிக்குக் கீழே இறங்கிவிடுவார்கள்.

2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இன் உடல் பெரும்பாலும் கரியிழைக் கலவையால் ஆனது. இதன் அறைக்காற்று எஞ்சினிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதில்லை. மின்சாரத்தில் ஓடும் தனி அழுத்திகள் அதைக் கொடுக்கின்றன. கரியிழை அலுமினியத்தைப்போல எளிதில் களைப்பதில்லை, அரிக்கப்படுவதும் இல்லை. ஆகவே உள்ளழுத்தத்தைக் கூட்டவும், காற்றில் ஈரத்தைச் சற்றுக் கூடுதலாக வைக்கவும் முடிந்திருக்கிறது. அந்த விமானத்தில் அறையின் அழுத்தம் 6,000 அடிக்குரியது. கொடைக்கானலைவிட ஏறத்தாழ 1,000 அடி தாழ்வு.